அரை லிட்டர் போதும் என்றேன்

அம்மாவின் தம்பியான மாமா, கம்பத்திலிருந்து மலைமேல் உள்ள ஏலத்தோட்டங்களுக்குப் பெண்களை வேலைக்கு ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டினார். நான் ப்ளஸ் ஒன் படித்தேன். வேதியியலில் எரிவெப்பம் நடத்தி முடித்த வாரம் அது. கண்ணில் பட்டதையெல்லாம் மனதுக்குள் எரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டீசல் பல ஹைட்ரோகார்பன்களின் கலவை, அதற்கென்று தனி வாய்பாடு கிடையாது. நான் பன்னிரண்டு கார்பன் உள்ள ஒன்றைப் பிடித்துக்கொண்டேன். சமன்பாட்டைச் சமன் செய்து, எரிந்தபின் வரும் கார்பன் டைஆக்சைடு, நீர் இரண்டின் உருவாதல் வெப்பத்திலிருந்து எரிபொருளுடையதைக் கழித்தேன். லிட்டருக்கு வந்த விடை மலைக்க வைத்தது. அத்தனை ஆட்களோடு ஜீப்பை மலையுச்சிக்குத் தூக்க அரை லிட்டரே தாராளம். மாமாவோ லிட்டர் லிட்டராக ஊற்றிக்கொண்டிருந்தார்.

"மாமா, நீங்க டீசல வீணாக்குறீக" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "அப்படியா ஆத்தா? சனிக்கிழம வா, பாத்துருவோம்" என்றார்.

சனிக்கிழமை நல்ல இருட்டில் போனால், பெண்கள் எல்லோரும் தூக்குவாளியோடு ஏறி உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி கொட்டாவி விட்டபடி நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தாள். அடிவாரத்தில் மாமா டேங்க் ட்யூபைக் கழற்றி, நான் அளந்து வைத்த அரை லிட்டர் கேனில் செருகினார். மூன்றாவது வளைவில் ஜீப் இருமிக்கொண்டு நின்றது.

பிந்திப் போனால் தோட்டத்தில் அன்றைக்கு வேலை கொடுக்காமல் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மாமா ட்யூபை டேங்குக்கே மாற்றி, உள்ளே புகுந்த காற்றை வெளியேற்ற ஸ்பேனரோடு மல்லுக்கட்டினார். அதுவரை பெண்கள் சுடுகின்ற பானெட்டைச் சுற்றி நின்று குளிர் காய்ந்தார்கள். என் வெப்பமெல்லாம் எங்கே போயிற்று என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"ஏத்தா, ஒன் கணக்கு எங்களுக்காச்சும் ஒதவுச்சே" என்றாள் இடம் கொடுத்தவள். யாரும் திட்டவில்லை. தோட்டத்தில் பேர் கூப்பிடும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டோம். மாமாவின் வேகம்தான் காப்பாற்றியது என்று நம்பினேன்.

இன்று நான் பிள்ளைகளுக்கு எரிவெப்பம் நடத்துகிறேன். ஒவ்வொரு வருடமும் அந்தப் பாடம் வரும்போது அந்த ஜீப் பெண்களை நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன். பிறகுதான் எனக்குத் தெரிந்தது, மாமா அந்தச் சனிக்கிழமைக்கு முந்தின நாளே எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறார். ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் கணக்கு சரியா என்று பார்ப்பதற்காக, அத்தனை பெண்களும் அன்று அரை மணி முந்தி எழுந்து சோறு கட்டியிருக்கிறார்கள்.