ரஞ்சன் அடித்த மூன்றாவது பாட்டு

செத்தவர் வந்தார், கதவு தானாகத் திறந்தது என்று யாராவது கதை தொடங்கினால் எழுந்து போகிற ஆள் நான். இதை முதலே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் சொல்லப்போவதைக் கேட்டு நீங்களும் எழுந்து போகலாம், போனால் குறை நினைக்கமாட்டேன். ஒலிப்பதிவு என் தொழில். ஒரு சத்தம் கேட்டால் அது எங்கிருந்து வருகிறது என்று தேடிப்பிடித்து நிறுத்துவதற்குத்தான் எனக்குச் சம்பளம். பிரிட்ஜ், பழுதான வயர், பக்கத்து டயர் கடையின் காற்றடிக்கும் மெஷின், இப்படி ஏதாவது ஒன்று இருக்கும். காரணம் இல்லாத சத்தத்தை நான் கேட்டதே இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் இல்லை. இரவும் இல்லை பாருங்கள், பட்டப்பகல், பிற்பகல் மூன்று மணி.

மெல்பேர்ன் புறநகரான டண்டினொங்கில் டயர் கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்கு எடுத்து ஸ்டூடியோ ஆக்கி வைத்திருக்கிறேன். ஒரு பெரிய அறை, அதில் வாசிப்பார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒரு சின்ன அறை, அதில் நான் கம்ப்யூட்டரோடு இருப்பேன். மெல்பேர்னில் தமிழ்ச் சனத்தின் கலியாணங்களுக்குப் பாடுகிற பாண்ட்காரர் எல்லாரும் ஒரு தடவையாவது அங்கே வந்திருப்பார்கள். ரஞ்சனும் அப்படித்தான் வந்தான்.

ரஞ்சன் ட்ரம்ஸ் அடிப்பவன். அகதியாகப் படகில் வந்தவன், கோழி வெட்டும் தொழிற்சாலையில் வேலை, கையில் தற்காலிக விசா. படகில் ஏறும்போது ஊரில் விட்டுவந்த மனைவி சுகந்திக்கு ஐந்து மாதம். பிறந்த மகளை அவன் ஒருநாளும் தூக்கியதில்லை. இவன் போகவும் முடியாது, அவர்கள் வரவும் முடியாது. மகள் ஆரணிக்குப் பன்னிரண்டு வயது ஆகிவிட்டது, போனிலேயே வளர்ந்தாள்.

நேரே நின்று ட்ரம்ஸ் கேட்டிருக்கிறீர்களா? மேடையில் ஸ்பீக்கர் வழியாக அல்ல, ஒரு அறையில், பக்கத்தில் நின்று. பாட்டில் கேட்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. காலால் மிதிக்கிற கிக் காதுக்கு வருவதற்கு முன் வயிற்றுக்கு வந்துவிடும். ஸ்நேர் என்கிற சின்ன ட்ரம்முக்கு அடியில் மெல்லிய கம்பிகள் இழுத்துக் கட்டியிருக்கும், அடித்தால் மட்டும் அல்ல, அறையில் யார் என்ன பேசினாலும் அந்தக் கம்பிகள் சர்ர் என்று கூடவே அதிரும். நீங்கள் இருமினால் அதுவும் இருமும். நாங்கள் எட்டு மைக் வைத்து இதையெல்லாம் பிடித்துவிட்டு, பிறகு உட்கார்ந்து அந்தச் சர்ர், அறையின் முழக்கம், கதிரை கிறீச்சிடுவது எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக வெட்டி எறிவோம். மிஞ்சுவதைத்தான் நீங்கள் காரில் கேட்கிறீர்கள்.

ரஞ்சனுக்கு ஒரு பழக்கம். ஸ்நேர் அதிகம் முழங்காமல் இருக்க அதன்மேல் மடித்த லேஞ்சி ஒன்றை வைத்து அடிப்பான், நீலக் கட்டம் போட்ட கைக்குட்டை. இன்னொன்று, அவன் அடி எப்போதும் ஒரு நூல் பிந்தி விழும். பிழை இல்லை, அது அவனுடைய நடை.

அவன் வாசித்த பாண்டின் தலைவர் செல்வா அண்ணை, பக்கத்தில் மல்கிரேவில் இருப்பவர். ஆறு சொந்தப் பாட்டுகளை ஒரு தொகுப்பாக வெளியிட வேண்டும் என்று வந்தார். ரஞ்சன் இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு வந்து அடித்தான். முடிந்ததும் என்னிடம் தனியாக வந்தான்.

"ஜெகண்ணை, ஒண்டு கேக்கட்டோ. நான் அடிச்சதை அடிச்ச மாதிரியே விடுங்கோ. ஞாயிறு மூண்டு மணிக்கு இஞ்ச வந்து மகளுக்குப் போனில அடிச்சுக் காட்டிறனான் தானே. போன் எல்லாத்தையும் வடிச்செடுத்துப் போடுது. பிள்ளைக்கு அங்க டிக் டிக் எண்டு மட்டும்தான் கேக்குது. அப்பா என்ன தகரத்திலயோ தட்டுறீங்கள் எண்டு கேக்கிறாள். ஒருக்கா அவள் ஒழுங்காக் கேக்க வேணும்."

"ஓம் ரஞ்சன், அதுக்கென்ன" என்றேன். பேசப் பேச ஸ்நேர் சர்ர் சர்ர் என்று எனக்கு ஒத்துப் பாடிக்கொண்டிருந்தது. அவனும் நானும் சிரித்தோம்.

எங்கள் சனத்திடம் ஒரு வியாதி இருக்கிறது. மேடையில் ஒருவன் உயிரைக் கொடுத்து வாசித்தாலும் முடிந்ததும் வந்து கைகுலுக்கி, "அப்பிடியே சிடி மாதிரி இருந்தது" என்பார்கள். அதற்கு மேல் பாராட்டு அவர்களுக்குத் தெரியாது. செல்வா அண்ணையும் அந்தச் சனம்தான். ரஞ்சனின் அடியைக் கேட்டுவிட்டு முகத்தைச் சுழித்தார்.

"என்னடாப்பா, ஹோல்ல கேக்கிற மாதிரிக் கிடக்கு. படப்பாட்டு மாதிரி வேணும். சிடி மாதிரி."

அவர்மேல் பழியைப் போட்டுவிட்டு நான் தப்பலாம். ஆனால் செய்தது நான். ஒரு மென்பொருள் இருக்கிறது, அடித்தவனின் ஒவ்வொரு அடியையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் எங்கோ ஒரு பெரிய ஸ்டூடியோவில் யாரோ அடித்த சுத்தமான அடியை வைத்துவிடும். ஆறு பாட்டுக்கும் அதைச் செய்தேன். பிந்தி விழுந்த அடிகளையெல்லாம் இழுத்து நேரே வைத்தேன். எனக்கும் அது பிடித்திருந்தது, பொய் சொல்லவில்லை. பிறகு ஹார்ட் டிஸ்கில் இடம் இல்லை என்று அவன் அடித்த மூலப் பதிவை அழித்தேன். இரண்டு தடவை கேட்டது, அழிக்கவா, அழிக்கவா என்று. இரண்டு தடவையும் ஓம் என்று அழுத்தினேன்.

ரஞ்சன் அதை என் காரில் இருந்து கேட்டான். மூன்றாவது பாட்டு முடிந்ததும் கையை நீட்டி அதை நிறுத்தினான். பிறகு, "நல்லா இருக்கு. ஆர் அடிச்சது?" என்றான். கதவைத் திறந்து இறங்கிப் பஸ் நிலையத்துக்கு நடந்துவிட்டான். நான் கூப்பிடக்கூட இல்லை. அதன்பிறகு அவன் ஸ்டூடியோவுக்கு வரவில்லை. ஆறு பேர் சேர்ந்து இருந்த வீட்டில் இடம் இல்லாததால் அவனுடைய ட்ரம்ஸ் மட்டும் என் அறை மூலையில் நின்றது. நான்கு மாதம் கழித்து வேலை செய்யும் இடத்தில் விழுந்து செத்துப்போனான். நாற்பத்திரண்டு வயது, இதயம் நின்றுவிட்டது என்றார்கள். செத்தவீட்டுக்கு வந்த சனம் அந்தத் தொகுப்பைத்தான் ஸ்பீக்கரில் போட்டுவிட்டிருந்தது. ரஞ்சன் எவ்வளவு நன்றாக அடித்திருக்கிறான் பாருங்கள் என்று ஒருவர் என்னிடமே சொன்னார். ஓம் என்றேன்.

அடுத்த மாதம் சுகந்தி வவுனியாவிலிருந்து போன் எடுத்தாள். "அண்ணை, பிள்ளை அந்தப் பாட்டுகளைக் கேட்டவள். உதில அப்பா இல்லை எண்டு சொல்றாள். நான் எவ்வளவு சொல்லியும் கேக்கிறாள் இல்லை. அவர் அடிச்சது வேற ஏதும் உங்களிட்டக் கிடக்கோ?"

கிடக்கிறது, தேடி அனுப்புகிறேன் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. இருந்த டிஸ்க் எல்லாவற்றையும் தேடினேன், ஒரு வினாடிகூட மிச்சமில்லை. அப்போதுதான் எனக்கு அந்தக் கேவலமான யோசனை வந்தது. நானே அடித்துப் பதிந்து, அப்பா அடித்தது என்று அனுப்பிவிடுவது. எனக்கும் கொஞ்சம் அடிக்கத் தெரியும். அவனுடைய ட்ரம்ஸ் நிற்கிறது, அவனுடைய லேஞ்சிகூட ட்ரம்ஸ் பையில் கிடக்கிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு வித்தியாசம் தெரியவா போகிறது?

ஞாயிற்றுக்கிழமை யாரும் இல்லாத நேரம் பார்த்துப் போனேன். மைக் எட்டையும் வைத்தேன். லேஞ்சியை மடித்து ஸ்நேர்மேல் போட்டேன், குச்சிகளை இருக்கைமேல் வைத்தேன். சின்ன அறைக்குப் போய்க் கதவைச் சாத்தி, பதிவை ஓடவிட்டு, மைக் எல்லாம் வேலை செய்கிறதா என்று பார்க்க ஹெட்போனைப் போட்டேன். ஹெட்போனுக்குள் வெறும் அமைதி. ஆனால் வயிற்றில் ஏதோ இடித்தது.

ஹெட்போனைக் கழற்றினேன். சுவருக்கு அந்தப் பக்கம் ட்ரம்ஸ்.

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் விடுங்கள். கண்ணாடியில் பார்த்தேன், ஆள் இல்லை. குச்சி இரண்டும் வைத்த இடத்தில் கிடந்தன. சிம்பல் என்கிற பித்தளைத் தட்டு மட்டும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. டயர் கடை பூட்டு, காற்றுகூட இல்லை. ஹெட்போனைப் போட்டேன், அமைதி. கழற்றினேன், கேட்டது. திரையில் எட்டு மைக்கின் கோடும் நேரே கிடந்தது. மூன்றாவது பாட்டு. நான் நிமிர்த்துவதற்கு முன்பு அவன் அடித்தானே, அதே மாதிரி, ஒவ்வொரு அடியும் அந்த ஒரு நூல் பிந்தி. உலகத்தில் எங்கேயும் இல்லாத பதிவு அது, நான் அழித்தது. எனக்கு வந்ததைப் பயம் என்பதைவிட வெட்கம் என்றுதான் சொல்லவேண்டும், பிடிபட்டவனின் வெட்கம்.

என்ன நினைத்தேனோ, போனை எடுத்து சுகந்தியைக் கூப்பிட்டேன். அங்கே காலை பத்தரை. பிள்ளையிடம் கொடுங்கோ என்றேன். ஸ்பீக்கரில் போட்டுக் கதவைத் திறந்து பிடித்தேன். திறந்ததும் சத்தம் நெஞ்சில் வந்து மோதியது, ஆனால் போன் இதையும் வடித்துத்தானே அனுப்பும், மைக்குக்கே கேட்காததை இது எப்படி அனுப்பும் என்று மனம் ஒரு பக்கம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. ஆரணி போனை வாங்கினாள். நான் அவளிடம் ஒன்றுமே சொல்லவில்லை, வணக்கம்கூடச் சொல்லவில்லை.

பிறகு அவள் சொன்னாள், "அங்கிள், அப்பாட்ட லேஞ்சியை எடுக்கச் சொல்லுங்கோ. எனக்கு அடிக்கேக்க அவர் அதை எடுக்கிறவர்."

அந்த லேஞ்சியை நான் பத்து நிமிடத்துக்கு முன்புதான் வைத்தேன். அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

"ஓம் பிள்ளை" என்றேன். ட்ரம்ஸ் பக்கம் எப்படி நடந்தேன் என்று கேட்காதீர்கள். கையை நீட்டி லேஞ்சியை எடுத்தேன், துணிக்கு அடியில் ட்ரம்மின் தோல் துடித்துக்கொண்டிருந்தது. எடுத்ததும் ஸ்நேர் முழு வாயையும் திறந்து வெடித்தது, இரண்டு காதும் அடைத்துப்போனது. எட்டு அடி, பத்து அடி இருக்கும். கடைசியில் மெதுவாக இரண்டு தட்டு, ஒரு கிக். டக், டக், டும். அவ்வளவுதான், அறை பழையபடி ஆகிவிட்டது.

போனில் ஆரணி, "சரி அப்பா" என்றாள். வைத்துவிட்டாள்.

பதிவைப் போட்டுக் கேட்டேன், வேறு என்ன செய்ய. கதவு திறக்கிற சத்தம் இருக்கிறது. என் மூச்சு, என் சப்பாத்து, போனில் பிள்ளையின் குரல், என்னுடைய "ஓம் பிள்ளை", கடைசியில் "சரி அப்பா", எல்லாம் துப்புரவாக இருக்கின்றன. ட்ரம்ஸ் மட்டும் ஒரு அடிகூட இல்லை. நான் சுத்தம் செய்து வெட்டி எடுத்த பதிவு மாதிரியே இருந்தது.

அடுத்த நாள் சுகந்திக்கு உண்மையைச் சொன்னேன். மகளின் அப்பாவை நான்தான் அழித்தேன், வேண்டுமென்று அல்ல, ஆனால் நான்தான் என்றேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"தெரியும் அண்ணை. உதில இருக்கிறது தன்ர அடி இல்லை எண்டு அவர் அப்பவே சொன்னவர்" என்றாள். "உங்களிட்ட ஒண்டும் கேக்க வேண்டாம் எண்டும் சொன்னவர். பிள்ளைக்காண்டித்தான் கேட்டனான். இனிக் கேக்கமாட்டன். அவள் கேட்டிட்டாளாம்."

திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அதற்குப் பிறகு அவர்கள் என்னை அழைக்கவில்லை, நானும் அழைக்கவில்லை. ட்ரம்ஸை யாரும் வாங்கிப் போகவில்லை, இன்னும் அதே மூலையில்தான் நிற்கிறது. செல்வா அண்ணை போன வாரம்கூட வந்தார், இன்னொரு தொகுப்பாம். அவர் இருமினார், மூலையில் ஸ்நேர் சர்ர் என்றது. சிரித்தார், அதற்கும் சர்ர் என்றது. பார்சல் கொண்டு வந்த வெள்ளைக்காரன் வாசலில் நின்று என் பெயரைக் கூப்பிட்டான், அதற்கும் அதிர்ந்தது. யார் பேசினாலும் அதிரும், சொன்னேனே, அப்படித்தான் அந்தக் கம்பிகள் கட்டியிருக்கின்றன.

அவர்கள் எல்லாரும் போனபின் நான் அதற்குப் பக்கத்தில் போய்க் கதிரையை இழுத்துப் போட்டு இருப்பேன். கம்பி தளர்ந்திருக்கிறதா என்று பத்துத் தடவை பார்த்துவிட்டேன், இல்லை. குனிந்து, தோலுக்கு அருகே வாயை வைத்து ரஞ்சன் என்று கூப்பிடுவேன். மன்னிப்புக் கேட்பேன். ஒருநாள் தொண்டை கிழியக் கத்தியும் பார்த்தேன். அதிர்கிறதா என்று பார்க்கக் கம்பிகளை விரல் நுனியால் தொட்டுக்கொண்டுதான் கத்தினேன். என் குரலுக்கு மட்டும் அது அசைவதில்லை.