நூருன்னிசா விற்ற மூட்டுவலி மாத்திரை

கயத்தாறில், வீட்டின் முன்னறையிலேயே நூருன்னிசா கடை வைத்திருந்தாள். சென்ட், தைலம், வெளிநாட்டுச் சோப்பு. கணவர் இறந்து ஆறு வருஷம். மகள் ரூபினா ஓசூரில். சரக்கு போடும் வியாபாரி மூட்டுவலிக்கென்று வெளிநாட்டு மூலிகை மாத்திரை கொடுத்த பிறகுதான் கடையில் பேச்சுக்குரல் கேட்டது.

பருத்தி எடுக்கும் சொர்ணத்தாய்க்கு மூன்றே நாளில் முழங்கால் வலி பறந்துவிட்டது. அவள் சொல்லிப் பத்துப் பேர் வந்தார்கள். அவளோ வாராவாரம் வந்து பாதி நாள் பேசிவிட்டுத்தான் பஸ் ஏறுவாள்.

"யக்கா, மொகம் நல்லா பூசுனாப்ல இருக்கே" என்று நூருன்னிசா சந்தோஷப்பட்டாள். அது மாத்திரையால் வந்த வீக்கம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஒருநாள் மருந்து ஆய்வாளர் ஜெயப்பிரியா வந்தாள். கைக்கருவியிலிருந்து மாத்திரைமேல் ஒளியைப் பாய்ச்சினாள். சின்னத் திரையில் கோடுகள் ஏறி இறங்கின.

"மூலிகைன்னு போட்டிருக்கு. மிஷின் வேற எதையோ காட்டுதும்மா."

புட்டிகளுக்குச் சீல் வைத்து, மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பினாள். மூன்று வாரம் கழித்து அவளிடமிருந்து போன் வந்தது.

"உள்ள ஸ்டீராய்டு கலந்திருக்கு. வியாபாரி மேல கேஸ் போட்டாச்சு. சாப்பிட்டவங்க திடீர்னு நிறுத்தினா அதுவும் ஆபத்து. உடனே டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்க."

வாங்கியவர்கள் மொத்தம் பதினோரு பேர். இரண்டு பேருடைய நம்பர்தான் நூருன்னிசாவிடம் இருந்தது. கடையைப் பூட்டிவிட்டு ஊர் ஊராகப் பஸ் ஏறினாள். ஒருத்தி சிரித்தாள். ஒருத்தி முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாள்.

சொர்ணத்தாய் கட்டிலில் சுருண்டு கிடந்தாள். மாத்திரை தீர்ந்து மூன்று நாளாம். வாந்தி நிற்கவில்லை, எழுந்தால் கண் இருட்டியது.

"ஏட்டி, நீ குடுத்ததத்தான தின்னேன்" என்றாள் ஈனக்குரலில்.

நூருன்னிசா அவளைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டிவந்தாள். ஆட்டோ பிடித்துக் கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். இன்னும் ஒருநாள் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்றார் டாக்டர். நூருன்னிசா வார்டு வாசலில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தாள். திருப்பூரிலிருந்து வந்த சொர்ணத்தாயின் மகன் மணிராஜ், "நீங்க செஞ்சது போதும். இனி இங்கன வராதீங்க" என்றான்.

சொர்ணத்தாய் பிழைத்துக்கொண்டாள். மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறார்கள். வலி திரும்பிவிட்டதாம், கம்பு ஊன்றி நடக்கிறாளாம். கடைப்பக்கம் வரவில்லை. மற்றவர்களும் வரவில்லை.

மாதம் ஒருமுறை நூருன்னிசா ஜெயப்பிரியாவுக்குப் போன் போடுகிறாள்.

"மேடம், அந்தக் கேசு என்னாச்சு?"

"இன்னும் நடக்குதும்மா."

"சரி மேடம்" என்பவள், போனை வைக்க மனமில்லாமல், "அங்கன மழை உண்டா?" என்று கேட்கிறாள்.