அத்தான் சிடியோடு வரும் நாள்

எங்கள் பெரிய அத்தானுக்குத் திரைச்சீலைக் கடையில் வேலை. வீடு வீடாகப் போய் ஜன்னலை அளந்துகொண்டு வருவார். கடையில் அவருக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் எல்லாம் கல்லாவுக்கும் மேஜைக்கும் போய்விட்டார்கள். இவர் இன்னும் ஸ்டூலில் ஏறி நிற்கிறார். சின்ன அத்தான் கட்டட கான்ட்ராக்டர், சொந்தக் கார். சின்ன அத்தான் வந்தால் அப்பா வாசல்வரை போவார். பெரிய அத்தான் வந்தால் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல் "வாங்க" என்பார். மருமகன்களுக்குள் வித்தியாசம் பார்க்கக் கூடாது என்று அடுத்தவர்களுக்கெல்லாம் புத்தி சொல்கிறவரும் இதே அப்பாதான்.

ஆனால் பெரிய அத்தானுக்கும் ஒரு நாள் உண்டு. எங்கள் கம்ப்யூட்டருக்குப் புது ஓ.எஸ்., அதாவது அதை ஓட்டுகிற புரோகிராம், போட அவர் சிடியோடு வரும் நாள்.

அன்றைக்கு அப்பா தன் அறையையே காலி செய்து கொடுப்பார். அத்தான் சோப்புப் போட்டுக் கைகழுவுவார். சிடியைப் பெட்டியிலிருந்து எடுத்து, விளிம்பைப் பிடித்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார். "யாரும் கிட்ட வராதீங்க, தூசி படும்" என்று கதவைச் சாத்திக்கொள்வார். நடுவில் ஒருமுறை ஆபரேஷன் அறையிலிருந்து வரும் டாக்டர் மாதிரி எட்டிப் பார்த்து, "பாதி ஏறிடுச்சு" என்பார். "ஒண்ணும் பயமில்லையே மாப்பிள்ளை?" என்று அப்பா தணிந்த குரலில் கேட்பார்.

சிடியைச் சொருகிவிட்டு "அடுத்து, அடுத்து" என்று தட்டிக்கொண்டே போவதுதான் அந்த ஆபரேஷன் என்று எனக்குத் தெரியும். நான் வாயைத் திறந்ததில்லை. மற்ற நாட்களில் வந்ததும் வராததுமாக அடுப்படிக்குள் போய்விடுகிற பெரிய அக்கா, அன்று மட்டும் சோபாவில் சாய்ந்து உட்கார்ந்து அம்மாவிடம் காபி வாங்கிக் குடிப்பாள். அதைப் பார்க்க எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

இதற்குத்தான் ஒருநாள் வேட்டு விழுந்தது. கம்ப்யூட்டர் திரையின் நடுவில் ஒரு பெட்டி முளைத்தது. புது ஓ.எஸ். தயார், சிடி வேண்டாம், டவுன்லோடு செய்துகொள்ளலாம். கீழே இரண்டு பட்டன்: 'இப்போது', 'பிறகு'.

அப்பா சின்ன அத்தானுக்குப் போன் போட்டார். "இதுக்கு எதுக்கு மாமா ஒரு ஆளு? பட்டனை அமுக்குங்க, அதுவே போட்டுக்கும்" என்றார் அவர். மனசு கேட்காமல் பெரிய அத்தானுக்கும் போட்டார். அவர் ஸ்டூலிலிருந்து இறங்கி வந்து பேசினார்.

"தொட்டுடாதீங்க மாமா. நெட்ல வர்றது பாதியில நின்னா மொத்தமும் போயிடும். நான் சிடி வாங்கிட்டு வர்றேன்."

"மாப்பிள்ளை வர்ற வரைக்கும் எவனும் அதுல கை வைக்கக் கூடாது" என்று அப்பா சட்டம் போட்டார். எங்கள் வீட்டில் அந்த 'எவனும்' நான் ஒருவன்தான்.

அத்தானுக்கு லீவு கிடைக்கவில்லை. யாரோ புது ஹோட்டல் கட்டி, அத்தனை ஜன்னலையும் இவர் தலையில் கட்டிவிட்டார்கள். இங்கே அந்தப் பெட்டி விடாமல் வந்து கேட்டது. அப்பா விடாமல் 'பிறகு' சொன்னார். கடைசியில் ஒரு மத்தியானம், அவர் கம்ப்யூட்டர் சீட்டு விளையாட்டில் ஜெயிக்கப் போகிற நேரம் பார்த்து, சீட்டுகளை மறைத்துக்கொண்டு வந்து நின்றது. அப்பா ஆத்திரத்தில் ஒரு அமுக்கு அமுக்கினார். அமுக்கியது 'இப்போது'.

நான் ஆபீஸிலிருந்து வந்தபோது அப்பா சுவிட்சுக்குப் பக்கத்தில் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றார்.

"அது பாட்டுக்கு ஓடுதுடா. நிறுத்துடா."

"நடுவுல நிறுத்தினாத்தான் ஆபத்துப்பா."

"மாப்பிள்ளை மொகத்துல எப்படிடா முழிப்பேன்?"

பெரிய அத்தானை நினைத்து அப்பா பயந்து நான் பார்த்தது அன்றுதான். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது. சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் எல்லாம் ஏறி முடிந்து, புதுத் திரை பளபளவென்று வந்து நின்றது.

"ஏதாவது கெட்டுப்போயிருக்கா பாரு" என்றார் அப்பா, ஆசையாக.

"ஒண்ணும் கெடலப்பா."

"நல்லா பாருடா."

ஒரு போட்டோகூடக் காணாமல் போகவில்லை. அப்பா இடிந்துபோனார். "யாரும் மூச்சு விடாதீங்க, அவர் பாட்டுக்கு வந்து பண்ணட்டும்" என்று அம்மா முடிவு சொன்னாள். கம்ப்யூட்டரை அணைத்து வைத்துவிட்டால் தெரியாது என்று அப்பாவும் அம்மாவும் மனதார நம்பினார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தான் வந்தார். கை கழுவினார். சிடியை வெளிச்சத்தில் பார்த்தார். கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே கம்ப்யூட்டர் உயிர்பெற்று ஒரு ராகம் பாடியது. பழைய ராகம் இல்லை. கூடத்தில் எல்லோருக்கும் கேட்டது. ஒன்றும் அறியாத அக்கா காபியை வாயில் வைத்தபடியே எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். அம்மா தரையைப் பார்த்தாள்.

இந்த முறை 'பாதி ஏறிடுச்சு' என்று யாரும் எட்டிப் பார்க்கவில்லை. வெகுநேரம் கழித்து அத்தான் வெளியே வந்தார்.

"முடிஞ்சது மாமா. ஒரு பிரச்சினையும் இல்ல."

அப்பா பலமாகத் தலையாட்டினார். அத்தான் சிடியைப் பெட்டிக்குள் வைத்தார். அது சரியாக உட்காரவில்லை, திரும்பவும் வைத்தார்.

"இனிமே சிடியே வராதாம். எல்லாம் டவுன்லோடுதானாம்" என்றார், பெட்டியைப் பார்த்துக்கொண்டே. "அடுத்த தடவை நான் வரணுமா மாமா?"

அக்கா அப்பாவின் முகத்தையே பார்த்தாள். இந்த மனுஷன் வாயில் இப்போதாவது ஒரு நல்ல வார்த்தை வராதா என்று எனக்கு இருந்தது. அப்பா எழுந்து நின்றார்.

"என்ன மாப்பிள்ளை இப்படிக் கேட்டுட்டீங்க? நீங்க வராம எப்படி? அடுத்த தடவை அது எத்தனை வாட்டி வந்து கேட்டாலும் சரி, சத்தியமா நான் அமுக்க மாட்டேன்!"