தலைப்பில் உட்கார்ந்திருந்த ஆள்

என் ஓரகத்திக்கு, அதாவது கொழுந்தன் மனைவிக்கு, என்னைவிட நகை அதிகம். நிறமும் அதிகம். தானே கார் ஓட்டிக்கொண்டு கோயம்புத்தூர் போய்வருவாள். அதற்கெல்லாம் நான் ஒருநாளும் முகம் சுளித்தது கிடையாது. எனக்கு வயிறு எரிந்தது ஒரு எக்செல் ஷீட்டின் மேல்வரிக்காக. என் அம்மாவிடம் போனில் சொன்னபோது அவளே சிரித்துவிட்டாள்.

எங்களுடையது குடும்பக் கம்பெனி. என் மாமனார் கட்டிங் மாஸ்டராக வேலை பார்த்து, சொந்தமாக மெஷின் போட்டு, பனியன் எக்ஸ்போர்ட் வரை வந்தவர். நான் ஊத்துக்குளியில் பிறந்து பி.காம். முடித்து மூத்த மருமகளாக வந்தேன். வந்த வருடமே ஆள் விவரம் பார்க்கும் அறையை என்னிடம் கொடுத்தார். யார் வேலைக்குச் சேர்ந்தாலும் முதலில் என் மேசைக்கு வரவேண்டும். பெயர், அப்பா பெயர், ஊர், பாஷை, ஆதார், அவசரத்துக்கு யாருக்குப் போன் செய்வது, எல்லாவற்றையும் நானே கேட்டு நானே ஏற்றுவேன். தையல் லைனில் யாரைக் காட்டினாலும் அவர்கள் ஊர்க் கோயில் நோன்பிலிருந்து மாமியார் தொல்லை வரை சொல்லிவிடுவேன். என் கணவருக்கு வெளிநாட்டில் சரக்கு வாங்கும் பையர்களைத் தெரியும், கொழுந்தனுக்கு பேங்க்கைத் தெரியும், எனக்கு ஆட்களைத் தெரியும். அந்தக் கம்பெனியில் எனக்கென்று இருந்த மரியாதை அது ஒன்றுதான்.

ஷீட்டின் தலைப்புகளும் நான் போட்டவை. அதில் 'இனிஷியல்' கட்டாயம். காலியாக விட்டால் சிவப்பாகி அடுத்த கட்டத்துக்குப் போகவிடாது. நம்மூரில் இனிஷியல் இல்லாத மனுஷர் உண்டா? ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஆட்கள் வர ஆரம்பித்தபோது அவர்களிடம் அப்படி ஒரு சமாச்சாரமே இல்லை. எனக்குச் சிவப்பு போனால் சரி. அவர்களைக் கூட்டிவந்த ஏஜெண்டின் முதல் எழுத்தை எல்லோருக்கும் போட்டுவிட்டேன். ஐ.டி. கார்டும் அப்படியே அச்சாகி வந்தது. பையர் தரப்பிலிருந்து ஆடிட்டுக்கு வந்தவர், அயர்ன் டேபிளில் நின்றவர்களின் கார்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "இவங்க எல்லாரும் அண்ணன் தம்பியா?" என்று கேட்டார். அந்த ஏஜெண்டுக்கு அப்போது கல்யாணமே ஆகவில்லை.

அதற்கும் நான் சளைக்கவில்லை. பக்கத்திலேயே 'இனிஷியல் (பீகார்)' என்று புதுத் தலைப்பு போட்டு, அதைக் காலியாக விடலாம் என்று வைத்தேன். என் வழி அதுதான். ஆள் தலைப்புக்குள் அடங்கவில்லையா, அந்த ஆளுக்கென்று ஒரு தலைப்பு. ஷீட் வலப்பக்கமாக வளர்ந்துகொண்டே போனது. ஒவ்வொருத்தருக்கும் இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்கிறேனே என்று எனக்குப் பெருமை வேறு.

கடைசித் தலைப்பு பட்டன் செக்‌ஷனில் இருந்த ஒரு அக்காவுக்காக. குடித்துவிட்டு அடிக்கிற புருஷனிடமிருந்து தப்பி சோமனூரிலிருந்து வந்தவள். அவன் அங்கே தறி ஓட்டுகிறவன். 'பட்டன் அக்கா: சோமனூர் வீட்டுக்காரர் வந்தால் இல்லை என்று சொல்லவும்' என்பதுதான் தலைப்பு. அதன் கீழே அவள் வரிசையில் 'ஆம்', மற்ற எல்லோருக்கும் காலி. மறந்துவிடக் கூடாதென்று வாட்ச்மேனுக்கும் ஒரு பிரிண்ட் கொடுத்து, கேட் ரூம் சுவரில் ஒட்டச் சொன்னேன்.

இந்த நேரத்தில்தான் என் ஓரகத்தி கல்யாணமாகி வந்தாள். பெங்களூரில் ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் ஆட்களின் அடையாள விவரங்களை எப்படி வைப்பது என்பதையே வேலையாகப் பார்த்தவளாம். மாமனார் அவளிடம், "ஆடிட் ஆளு அப்படிக் கேட்டதுல இருந்து மனசு ஒரு மாதிரியா இருக்குது கண்ணு. நீ அக்காகூட உக்காந்து என்னன்னு பாரு" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அவிநாசிபாளையம் பக்கம் எங்கள் புது பில்டிங் எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே ஆள் விவரத்துக்குக் கண்ணாடி அறை ஒன்று வரப்போகிறது. அதில் எங்கள் இரண்டு பேரில் ஒருத்திக்குத்தான் இடம், மற்றவள் அக்கவுண்ட்ஸுக்குப் போகவேண்டும். யார் என்பதைத் திறப்புவிழாவுக்கு முன்னால் சொல்கிறேன் என்று மாமனார் சொல்லியிருந்தார்.

அவள் என் ஷீட்டை இடமிருந்து வலமாக நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள். பார்த்து முடிக்கவே நேரமானது.

"அக்கா, ஒரு ஆளுகிட்ட என்னென்ன கேக்கோணும், எது கட்டாயம், எதைக் காலியா உடலாம்ங்கறது ஒரு எடத்துல இருக்கோணுங்க. அதுக்கு ஸ்கீமான்னு பேரு. அவங்கவங்க சொன்ன பதிலு இன்னொரு எடத்துல இருக்கோணும். நீங்க ரெண்டையும் ஒண்ணாப் போட்டுப் பெசஞ்சு வெச்சுருக்கறீங்க."

பிசைந்து வைத்திருக்கிறேனாம். நான் என்ன தயிர்சாதமா கட்டிக்கொண்டிருந்தேன் இத்தனை வருடமாக? ஆனால் அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. தன்மையாகத்தான் சொன்னாள், அதுதான் இன்னும் எரிந்தது.

இதெல்லாம் மாமனாருக்குப் புரியாது என்று நம்பியிருந்தேன். அவர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "துணி வெட்டற பேட்டர்ன் அட்டை மாதிரிங்கற. அட்டையில சைஸத்தான எழுதுவோம்? போடப்போறவன் பேர எழுதுனா அந்த அட்டை வேற யாருக்கு ஆவும்?" என்றார்.

"அதேதானுங்க மாமா!" என்று அவள் கையைத் தட்டினாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். அத்தனை வருடத்தில் என் ஷீட்டைப் பற்றி அவர் என்னிடம் கேட்டது, பிரிண்ட் கலரில் வருமா என்பது மட்டும்தான்.

அடுத்த வாரம் எனக்கும் ஒரு காலம் வந்தது. மாமனாரின் பங்காளி ஒருவர் சோமனூரில் தறிப்பட்டறை வைத்திருக்கிறார். தன் ஆட்களின் விவரம் வைக்க ஒரு ஃபார்மட் வேண்டும், உங்கள் பெரிய மருமகள் போட்டதைப் பார்த்திருக்கிறேன், அதையே அனுப்புங்கள் என்று போன் செய்தார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஷீட்டுக்கு ஒரு நகல் எடுத்து, அதிலிருந்த ஆட்கள் அத்தனை பேரையும் அழித்தேன். மேல்வரியை மட்டும் வைத்து மெயிலில் இணைத்தேன். "ஒரு ஆளு விவரங்கூட இல்லீங்க மாமா, வெறும் தலைப்புதானுங்க" என்று மாமனாரிடம், ஓரகத்தி காதில் நன்றாக விழும்படி சொன்னேன்.

அவள் எழுந்து வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றாள்.

"அக்கா, அனுப்பீராதீங்க."

"ஏனாம்?"

"தலைப்புலயே ஒரு ஆளு உக்காந்திருக்காங்க பாருங்க."

பார்த்தேன். கடைசிக் கட்டத்தில் பட்டன் அக்கா இருந்தாள். எல்லோரையும் அழித்த பிறகும் அவள் மட்டும், வீட்டுக்காரர் கதையோடு, அவன் தறி ஓட்டுகிற ஊருக்கே கிளம்பத் தயாராக இருந்தாள். மெயிலில் இணைத்ததை எடுத்துவிட்டேன். மாமனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அவளுக்கு நான் நன்றி சொல்லியிருக்கவேண்டும். சொல்லத் தோன்றவில்லை. நான் தினமும் பார்க்கிற ஷீட்டில் என் கண்ணுக்குப் படாதது இவள் கண்ணுக்கு எப்படிப் பட்டது என்ற ஆத்திரம்தான் மண்டைக்குள் ஓடியது.

"தலைப்ப எல்லாரும் பாப்பாங்கக்கா. கேட்டுல பாப்பாங்க, வெளிய தெச்சுக் குடுக்கற ஜாப் ஒர்க் யூனிட்டுல பாப்பாங்க, பையர் பாப்பாங்க. பதிலத்தான் நாம பூட்டி வெக்க முடியும்" என்றாள். கேட் ரூம் சுவரிலிருந்த பிரிண்டை அன்றே கிழித்துக்கொண்டு வந்தாள். இனி யார் யாரைத் தேடி வந்தாலும் எங்கள் அறையைக் கேட்காமல் பதில் சொல்லக் கூடாது என்று வாட்ச்மேனிடம் சொன்னாள். பிறகு பட்டன் அக்காவைத் தலைப்பிலிருந்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு கேள்வியை வைத்தாள். 'நீங்கள் இங்கே வேலை செய்வதை யாரிடம் சொல்லக் கூடாது?' கம்பெனியில் இருக்கிற ஆண் பெண் அத்தனை பேரிடமும் இதைக் கேட்கவேண்டும் என்றாள்.

உள்ளுக்குள் எனக்குக் கொண்டாட்டம். மானம் மரியாதை பார்க்கிற ஊரில், குடும்பத்துப் பெண்களைக் கூப்பிட்டு இப்படி ஒரு கேள்வி கேட்டால் சும்மா விடுவார்களா? யாராவது ஒருத்தி மாமனாரிடம் போய்க் கத்துவாள், சின்ன மருமகளின் சாயம் வெளுத்துவிடும் என்று காத்திருந்தேன்.

அவள் ஃபர்ஸ்ட் எய்ட் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டாள். யாரும் கத்தவில்லை. சிலர் போன வேகத்தில் சிரித்துக்கொண்டே திரும்பினார்கள். சிலர் உள்ளேயே வெகுநேரம் இருந்தார்கள். வெளியே வந்ததும் நேராகப் பைப்படிக்குப் போய் முகம் கழுவினார்கள். இப்படி ஒளிந்து வேலை செய்வது பட்டன் அக்கா ஒருத்தி மட்டும் இல்லை என்பது பார்த்துக்கொண்டிருந்த எனக்கே தெரிந்தது.

எல்லாம் முடிந்ததும் அவள் என்னிடம் வந்து பாஸ்வேர்டைச் சொன்னாள். "நீங்கதானுங்கக்கா இன்சார்ஜ். நீங்க பாக்கோணும்." அந்தப் பெருந்தன்மையும் எனக்குப் பிடிக்கவில்லை. தனியாக உட்கார்ந்து திறந்து பார்த்தேன். புருஷன், மாமனார், பழைய கம்பெனி சூப்பர்வைசர், பெற்ற அப்பா என்று வந்துகொண்டே இருந்தது. செக்கிங் டேபிளில் இருக்கிற என் சிநேகிதியின் வரிசையில் 'கூடப்பிறந்த அண்ணன்' என்று இருந்தது.

அவள் சிவகங்கைப் பக்கத்துக்காரி. என் மகனுக்குக் காது குத்தியபோது முன்னால் நின்று வேலை செய்தவள். டீ டைமில் என்னோடுதான் டீ குடிப்பாள். அவளைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். நேற்று வந்தவளிடம் சொன்னதை என்னிடம் சொல்லவில்லையே!

மறுநாள் சாயங்காலம் மாமனார் முடிவைச் சொல்வதாக இருந்தது. லைனில் இருப்பவர்கள் போய் பெரிய மேடமே இருக்கட்டும் என்று கேட்டால் அவர் தட்டமாட்டார். அதற்காகத்தான் காலையில் செக்கிங் டேபிளுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னதும் அவள், "அதுக்கென்னக்கா, நாங்க நாலு பேரு போயிச் சொல்றோம். நீங்க இல்லாம அந்த ரூம் எப்புடி?" என்றாள்.

அதோடு நான் திரும்பியிருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை.

"உங்க அண்ணன் விஷயத்த இத்தன வருஷத்துல எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே?"

அவள் கையிலிருந்த பனியனை டேபிளில் வைத்தாள். "அவன் ஒரு தடவ இங்க வந்துட்டான்க்கா. அண்ணன்னு சொல்லவும் வாட்ச்மேன் கூப்பிட்டு விட்டுட்டாரு. கையில கட்டுப் போட்டுக்கிட்டு வந்தேனே, மாடிப்படியில விழுந்துட்டேன்னு."

நினைவிருந்தது. மாடிப்படியில் விழுந்ததாக அவள் வரிசையில் எழுதி, இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தது நான்தான்.

"அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல. அவன் வந்தா இல்லைன்னு சொல்லச் சொல்லியிருப்பேனே."

"நீங்க கேக்கலையேக்கா. கேட்டு ரூமுல ஒட்டியிருந்ததப் பாத்தேன். அதுல அந்தப் பட்டன் அக்கா பேருதான போட்டிருந்துச்சு. அது அவங்களுக்குக் குடுத்த சலுகை, நம்மளுக்கெல்லாம் கெடையாதுன்னு நெனச்சுக்கிட்டேன்."

அவள் மறுபடி பனியனை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை பார்க்க ஆரம்பித்தாள். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. மாமனாரிடம் போகவேண்டாம் என்று மட்டும் அவளிடம் சொன்னேன். பிறகு நானே போனேன். அவர் கட்டிங் டேபிளில் விரித்திருந்த துணியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"புது பில்டிங்ல அந்த ரூம்ல அவளே உக்காரட்டுங்க மாமா."

துணியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "வருத்தப்பட்டுச் சொல்றியா கண்ணு?"

"இல்லீங்க மாமா. பொறாமைப்பட்டுச் சொல்றனுங்க."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். நான் விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்.