பிழையென்று சொல்லத் திரும்பி வந்தவர்

போர் முடிந்து மீள்குடியேறிய கையோடு எங்கள் வளவுக்குள் குழாய்க் கிணறு அடித்துத் தந்தார்கள். வவுனியா வடக்கில் காட்டோரமாகக் கிடக்கும் எங்கள் கிராமத்தில் அதுதான் முதலாவது. அதுவரை குளக்கட்டுக்குக் கீழே இருந்த பழைய கட்டுக்கிணற்றில் அள்ளி வருவோம். போய்வர முக்கால் மணித்தியாலம். இயந்திரம் கல்லைத் துளைத்து, சேற்றைக் கக்கி, கடைசியில் தெளிந்த தண்ணீர் பீறிட்டபோது, "விஞ்ஞானமெண்டால் இதுதான்" என்றார் என் கணவர். எனக்கும் அப்படித்தான் பட்டது. மனிதரின் இடுப்பு நோவைக் குறைக்காத படிப்பு எதற்கு?

சுற்றியிருந்த எல்லா வீட்டாரும் எங்களிடம்தான் குடிக்க எடுத்தார்கள். காலையில் குடங்களோடு பெண்கள் வந்து நிற்பது எனக்குப் பெருமையாக இருந்தது.

மூத்த மகள் அப்போது தவழ்ந்துகொண்டிருந்தாள். ஏழு வயதில் அவளுக்குப் பால்பல் விழுந்து புதுப்பல் வந்தது. வரும்போதே மண்ணிறக் கறை. ஒழுங்காகப் பல் தீட்டுவதில்லை என்று ஏசினேன். உப்பும் கரியும் சேர்த்து நானே தேய்த்தேன். பல்முரசில் இரத்தம் கசிந்த நாட்களும் உண்டு. கறை போகவில்லை. அவள் கையால் வாயைப் பொத்திச் சிரிக்கப் பழகிக்கொண்டாள். அயலில் வேறு பிள்ளைகளுக்கும் அதே கறை இருந்தது. தாய்மார் அவரவர் பிள்ளையைத்தான் ஏசினோம்.

மகளுக்கு எட்டு வயதானபோது, பட்டணத்து ஆய்வுகூடம் ஒன்றில் வேலை செய்யும் பெண் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். என்னைவிட இளையவர். கிராமம் கிராமமாகக் கிணற்றுத் தண்ணீரைச் சோதித்து வந்தார். வேப்பமரத்தடியில் கதிரை போட்டுக் கொடுத்தேன். சின்னக் குப்பியில் எங்கள் தண்ணீரை எடுத்துச் சிவப்பு மருந்து விட்டார்.

"தண்ணியில புளோரைட் கூடவெண்டால் இந்தச் சிவப்பு வெளுக்கும், அக்கா. அது பல்லைப் பழுதாக்கும், பிறகு எலும்பையும்."

சிவப்பு அப்படியே நின்றது. "உங்கட தண்ணி நல்லம்" என்று எழுதிக்கொண்டார். மிச்சத் தண்ணீரைப் போத்தலில் அடைத்து எடுத்துக்கொண்டு போனார்.

மூன்று கிழமை கழித்து மறுபடி வந்தார். கதிரையில் இருக்கவில்லை. தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடியே சொன்னார்:

"அக்கா, அண்டைக்கு நான் சொன்னது பிழை."

கொண்டு வந்த மருந்து பழுதாகியிருந்ததாம். புளோரைட் அளவு ஏற்கெனவே தெரிந்த ஒரு தண்ணீரில் விட்டுப் பார்த்தபோதுதான் கண்டுபிடித்தாராம். உடனே எங்கள் போத்தலைப் புது மருந்தால் சோதித்திருக்கிறார். அன்று போன வீடுகளுக்கெல்லாம் இப்போது ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தார். எங்கள் கண் முன்னால் திரும்பவும் செய்து காட்டினார். சிவப்பு மெல்ல மெல்ல வெளுத்துக்கொண்டு போனது.

"கொதிக்க வைச்சால் போகாதோ?" என்று என் கணவர் கேட்டார்.

"போகாது அண்ணை. தண்ணி வத்த வத்த இன்னும் கூடும்."

என் இடுப்பில் ஆறு மாதக் கைக்குழந்தை. என் சின்ன மகள். அவளுக்குக் கொதித்தாறிய தண்ணீர்தான் கொடுக்கத் தொடங்கியிருந்தேன். எனக்கு ஆத்திரம் வந்தது.

"நீங்கள் சொல்லாமல் விட்டிருந்தால் எங்களுக்குத் தெரிஞ்சே இராது."

"ஓம். அதாலதான் அக்கா வந்தனான்."

அந்த நேரம், கதவடியில் நின்ற மூத்தவள் முன்னால் வந்தாள். "மிஸ், அப்ப நான் பல்லுத் தீட்டாததாலை இல்லையோ?"

அவர் குந்தியிருந்து அவளின் வாயைப் பார்த்தார். அவசரப்படவில்லை. ஒவ்வொரு பல்லாகப் பார்த்தார்.

"இல்லையம்மா. நீ எவ்வளவு தீட்டியிருந்தாலும் இது வந்திருக்கும். உன்னில ஒரு பிழையும் இல்லை."

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். தேத்தண்ணி போடுவதாகச் சொல்லிக் குசினிக்குள் போனேன். அடுப்பு மூட்டாமல் நின்று அழுதேன். பின்னேரம் அவளைக் கூப்பிட்டு, "அம்மா தெரியாமல் ஏசிப்போட்டன்" என்றேன். அவள் என் மடியில் தலையை வைத்துப் படுத்தாள்.

பழைய கட்டுக்கிணறு கொடி மூடிக் கிடந்தது. அந்தப் பெண் அதையும் சோதித்துக் குடிக்கலாம் என்றார். ஊர் கூடி இறைத்துத் துப்புரவாக்கியது. மறுபடி குடமும் நடையும். பக்கத்து வீட்டக்கா, "விஞ்ஞானம் வந்து எங்கட சுமையைக் கூட்டிப்போட்டுது" என்று முணுமுணுத்தார். பொய்யில்லை. 'குளிக்க, தோய்க்க மட்டும். குடிக்க வேண்டாம்' என்று குழாய்க் கிணற்றில் நானே பலகை எழுதிக் கட்டினேன். என் பெருமையை நானே அழித்தது போலிருந்தது.

கிணறு அடித்த இயந்திரத்தை நான் இன்றும் குறைத்துச் சொல்ல மாட்டேன். அந்தத் தண்ணீரில் தோட்டம் செய்கிறோம். ஆனால் விஞ்ஞானம் என்றால் இப்போது எனக்கு நினைவு வருவது வேறு. கையில் தலைக்கவசத்தோடு வெயிலில் நின்று, யாரும் கேட்காமலே தன் பிழையைச் சொன்ன அந்தப் பெண். எங்களுக்கு வசதியாக இருக்கும் என்பதற்காக அவர் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. எத்தனையோ தாய்மார் பிள்ளைகள் மேல் போட்ட பழி அன்று நீங்கியது. எந்த இயந்திரமும் அதைச் செய்து தந்திருக்காது.

அதன்பிறகும் மாரியிலும் கோடையிலும் வந்து கட்டுக்கிணற்றைச் சோதித்தார். ஒருமுறை சொன்னது போதாதா என்று கேட்டால், "தண்ணி மாறும், அக்கா" என்பார்.

சின்ன மகளுக்கு இப்போது ஏழு வயது. போன மாதம் அவளுக்கு முன்பல் முளைத்தது. மூத்தவள்தான் தங்கையை யன்னலோரம் இழுத்துக்கொண்டு போய், வெளிச்சத்தில் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். "அம்மா, வெள்ளை!" என்று கத்தினாள். நான் உடனே தொலைபேசியை எடுத்து அந்தப் பெண்ணுக்குச் சொன்னேன். மறுபக்கத்தில் அவர் சிரித்தது கேட்டது. பிறகு தன் வழக்கமான குரலுக்கு வந்துவிட்டார்.

"சந்தோசம் அக்கா. ஆனா ஒரு பல்லை வைச்சு ஒண்டும் சொல்லேலாது. மற்றதுகளும் முளைக்கட்டும்."