வெறுங்கையோடு மேலே வந்தவன்

அறுபதுகளின் தொடக்கத்தில் செஞ்சி பஜாரில் ஒரு மல்லாட்டை மண்டியில், அதாவது வேர்க்கடலை மண்டியில், வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மூட்டை நிறுப்பது என் வேலை. வேலை இல்லாத நேரமெல்லாம் தண்ணீரில் கிடப்பேன். என்னோடு கிடந்தவன் மேல்சித்தாமூர்க்காரன், சமணக் குடும்பம். எங்கள் பக்கத்தில் அவர்களை நயினார் என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள். நான் அவ்வளவு மரியாதை இல்லாமல் அவனை நயினார் என்று கூப்பிட்டு வந்தேன். இருவருக்கும் ஒரே வயது. அவனுக்குக் கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை இருந்தது. எனக்குப் பெண் தேடிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் ஊர்க் கிணறுகளில் முங்குவதற்கு ஒரு விதி உண்டு. அடியைத் தொட்டுவிட்டேன் என்று வாயால் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். கீழேயிருந்து ஒரு பிடி சேறு எடுத்து வர வேண்டும். தலை மேலே வந்ததும் கையைத் திறந்து காட்ட வேண்டும். சேறு இருந்தால் தொட்டான், இல்லையென்றால் இல்லை. சிறு வயதிலிருந்து இப்படியே முங்கியதால், அடியைத் தொட்டதும் விரல்கள் தாமாக மூடிக்கொள்ளும். இதில் நயினாரை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆளில்லை. எந்த ஊர்க் கிணற்றில் குடம் விழுந்தாலும், பம்புசெட் வால்வு கழன்று போனாலும் அவனைத்தான் தேடி வருவார்கள்.

கிணறு அலுத்துப்போய் எங்களுக்குக் கடல் ஆசை வந்தது. ரயில்வேயில் இருந்த என் மாமா ஒருவர், தெற்கே மண்டபம் என்ற கடலோர ஊருக்கு எதிரே உள்ள தீவுகளில் தண்ணீருக்கு அடியில் பவளப்பாறைத் தோட்டமே இருக்கிறது என்று சொல்லியிருந்தார். தூத்துக்குடிக்கு எண்ணெய் அனுப்பும் எங்கள் மண்டிக்காரரோ, அங்கே உள்ள தீவுகளிலும் அதே பாறை உண்டு, சங்கு குளிக்கிறவர்களின் தோணியில் போனால் நல்ல ஆழத்தில் முங்கலாம் என்றார். எனக்குத் தூத்துக்குடிதான் பிடித்தது. ஆழம் என்றால் பிறகு ஊரில் சொல்லிக்கொள்ளலாம்.

நயினாருக்கு அப்படி முடிவு செய்ய முடியவில்லை. முந்தின வருஷம் அவன் குழந்தை காய்ச்சலில் படுத்துப் பிழைத்தது. அப்போது புருஷனும் பெண்டாட்டியும் கோயிலில் ஒரு விரதம் எடுத்துக்கொண்டார்கள். இனி எந்த உயிரையும் தங்கள் கையால் எடுப்பதில்லை என்பது விரதம். அதைக் காப்பாற்றும்வரை குழந்தைக்கு ஒன்றும் ஆகாது என்று அவன் நம்பினான். வாய்விட்டுச் சொன்னதில்லை, ஆனால் எனக்குத் தெரியும்.

கோட்டைக்குள் சக்கரக்குளத்துப் படியில் உட்கார்ந்து மாசி மாதம் பூராவும் இதே பேச்சு.

"தூத்துக்குடியில சங்கு எடுப்பாங்க. சங்குக்குள்ள பூச்சி இருக்குதுடா," என்றான்.

"நீயா எடுக்கப்போற? அவங்க எடுப்பாங்க."

"அந்தத் தோணியிலதானே நானும் போவணும். மண்டபத்துல இன்னா எடுக்கறாங்க?"

"அங்க வெறும் கல்லுதான். சுண்ணாம்புக்கு வெட்டுவாங்களாம்."

"கல்லுன்னா சரி," என்றான். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. திரும்பின பக்கமெல்லாம் பாறையாக இருக்கும் வட்டாரத்தில் பிறந்தவர்களுக்குப் பாறையைப் பற்றி யார் சொல்லித்தர வேண்டும்? மண்டபம் என்று முடிவாயிற்று.

பங்குனியில் விழுப்புரம் போய் ரயில் ஏறினோம். இருட்டிய பின் அவர்கள் சாப்பிடுவதில்லை என்பதால், பொழுது சாயுமுன் அவன் புளிசாதத்தை முடித்துவிட்டான். ஸ்டேஷன் குழாய்த் தண்ணீரைத் துணியில் வடிகட்டித்தான் குடித்தான். தண்ணீரில் இருக்கும் சிறு உயிர்கள் வயிற்றுக்குள் போகக்கூடாதாம். "நாளைக்குக் கடலை எப்படி வடிகட்டுவே?" என்று கேட்டேன். சிரித்தான். அந்தப் பயணத்தில் அவன் சிரித்தது அதுதான் கடைசி.

மண்டபத்தில் படகுக்காரர் ஒருவரைப் பிடித்தோம். நடுவயதுக்காரர், அதிகம் பேசாதவர். தீவுக்குப் பக்கத்தில் படகை நிறுத்தி, அடியில் கண்ணாடி பதித்த மரப்பெட்டி ஒன்றைத் தண்ணீரில் வைத்துப் பார்க்கச் சொன்னார். கீழே பவளப்பாறை மான்கொம்பு மாதிரி கிளைகிளையாக, நுனி மட்டும் நீலமாக, புதர்புதராக நின்றது. இடையில் மஞ்சள் மீன்கள். ஆழம் எங்கள் ஊர்க் கிணற்றில் பாதிகூட இல்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

நயினார் பெட்டியை விட்டு முகத்தை எடுக்கவே இல்லை. பிறகு குதித்தான். கொஞ்ச நேரத்தில் தலை மேலே வந்தது. வழக்கம்போல் கையைத் தூக்கி விரித்தான். உள்ளே சேறு இல்லை. ஒடிந்த கிளை ஒன்று இருந்தது.

அவனே அதை அப்போதுதான் பார்த்தான். அதன் மேலெல்லாம் வழவழவென்று ஏதோ கசிந்து அவன் விரல்களில் இறங்கிக்கொண்டிருந்தது. கல் கசியாது என்பது எனக்குக்கூடத் தெரியும்.

"இதுக்கு உசுரு இருக்குதா?" என்று படகுக்காரரைக் கேட்டான்.

"இருக்கும் தம்பி. வெயில்ல வச்சா போயிரும். அப்புறம் வெள்ளைக் கல்லாயிரும். வர்றவுக எல்லாம் கொண்டு போவாக, நீங்களும் வச்சுக்கங்க."

நயினார் மறுபடி முங்கினான். வெகுநேரம் வரவில்லை. எனக்குப் பயம் வந்து நானும் இறங்கினேன். கீழே அவன் அந்தக் கிளை ஒடிந்த இடத்தைத் தேடிக்கொண்டிருந்தான். எல்லாக் கிளைகளும் ஒன்றுபோலத்தான் இருந்தன. கடைசியில் ஒரு இடுக்கில் அதைச் செருகி வைத்தான். மூச்சு முட்ட மேலே வந்தபோது உள்ளங்கை கிழிந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. படகுக்காரர் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத் துடுப்பை எடுத்தார்.

திரும்பும் வழியில் அவன் சாப்பிடவில்லை. தெரியாமல் செய்தது விரதத்தில் சேராது என்று நான் சொல்லிப் பார்த்தேன். எனக்கு அவர்கள் சாஸ்திரம் எதுவும் தெரியாது. ஊர் நெருங்க நெருங்க அவன் முகம் வெளுத்தது. குழந்தையை நினைத்துத்தான் பயந்தான். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. மேல்சித்தாமூர் வரை கூடவே போனேன்.

குழந்தை வாசலில் உட்கார்ந்து முறத்தில் கிடந்த மல்லாட்டையை இறைத்துக்கொண்டிருந்தது. அதைத் தூக்காமல் தாண்டிப்போய், பெண்டாட்டியிடம் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னான். அவள் அவன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"தெரிஞ்சா ஒடிச்சீங்க?"

"தெரியல. கீழ போனதும் கை தானா மூடிக்கிச்சு."

"அப்ப கைக்குத்தான் சொல்லிக்குடுக்கணும்," என்றாள். பிறகு குழந்தையைத் தூக்கி அவனிடம் கொடுத்துவிட்டு மஞ்சள் எடுக்க உள்ளே போனாள். மறுநாள் இருவரும் உபவாசம் இருந்தார்கள் என்று கேள்விப்பட்டேன்.

அந்தக் கோடையில் தளவானூர்ப் பக்கம் ஒரு பெரிய கிணற்றில் போட்டி வைத்தார்கள். நயினார் முங்கினான். நானும் பக்கத்திலேயே முங்கினேன். அடியில் சேற்றின் மேல் அவன் உள்ளங்கை விரிந்தபடி பட்டதையும், விரல்கள் மூடப்போய் நின்றதையும் கண்ணால் பார்த்தேன். மேலே வந்து கையைத் தூக்கினான். வெறுங்கை.

"இன்னா நயினாரே, பாதியிலயே திரும்பிட்டீங்களா?" என்று கரையில் சிரித்தார்கள். தொட்டான், நான் பார்த்தேன் என்றேன். கூட்டாளி சாட்சி செல்லாது என்றுவிட்டார்கள். அவன் வாதாடவில்லை. தலையைத் துவட்டிக்கொண்டு சட்டையை மாட்டினான். அதன் பிறகு யாராவது கேட்ட குடத்தையோ வால்வையோ எடுத்துக் கொடுத்தானே தவிர, தொட்டதற்கு அடையாளமாக எதையும் அவன் எடுத்து வந்ததில்லை. நாளாவட்டத்தில் நல்ல முங்காளி என்ற பேர் வேறு யார் யாருக்கோ போய்விட்டது.

அந்தக் குழந்தைக்கு இப்போது பேரன் பேத்தி இருக்கிறார்கள். நான் எங்கேயாவது போய் நின்று, வந்ததற்கு அடையாளமாக எதையாவது எடுத்துக்கொள்ளலாமா என்று கை நீளும்போது, அந்தக் கிணற்றில் சேற்றைத் தொட்டும் மூடாமல் நின்ற விரல்கள் ஞாபகம் வரும். என் கையும் தானாகத் திரும்பி வந்துவிடும்.