பௌர்ணமி ரேட்டு

"இன்னிக்கு ரேட்டு ஜாஸ்திதான் சாமி. ஆனா அந்த ஜாஸ்தி எனக்கில்ல, ஏரோப்ளேனுக்கு."

இதச் சொல்லிக்கிட்டே மாலினிம்மா சாவிய எடுத்து கவுண்டர் மேல வச்சிடுவாங்க. ஏரோப்ளேனா, எந்த ஏரோப்ளேன்னு எதிர்ல நிக்கிறவரு முழிக்கிறதுக்குள்ள ரெண்டாவது மாடி, இடது பக்கம், சுடுதண்ணி காலையில மட்டும்தான்னு அடுத்தடுத்து வந்து விழும். கிரிவலம் சுத்த வந்தவங்களுக்குக் கையில இருக்குற பையக் கீழ வச்சாப் போதும்னு இருக்கும். முணுமுணுத்துக்கிட்டே படியேறிடுவாங்க. சில பேரு பாதிப் படியில நின்னு திரும்பிப் பாப்பாங்க. மூக்குக் கண்ணாடிய நெத்தியில ஏத்தி வச்சிக்கிட்டு, அடுத்த ஆளுக்கு அதே வார்த்தைய அதே சிரிப்போட சொல்லிக்கிட்டு இருப்பாங்க மாலினிம்மா.

முழுப் பேரு ஜ்வாலாமாலினி. வேங்கிக்கால்ல கலெக்டர் ஆபீசத் தாண்டி உள்ள போற ரோட்டுல, புது வீடுங்களுக்கு நடுவுல இருக்குது அவங்களோட நேமிநாதா லாட்ஜு. மத்த நாள்ல ஆபீஸ் வேலையா வந்தவங்க, கல்யாணத்துக்கு வந்தவங்கன்னு தூங்கி வழியும். பௌர்ணமி வந்தா ஊரே வேற. எல்லா லாட்ஜும் ரேட்டு ஏத்தும், இவங்களும் ஏத்துவாங்க. ஆனா ஏத்துன காசு மட்டும் தனியாப் போயிடும். எங்க போவும்னா, நம்ம ஊரு காலேஜ் பசங்க ஒரு செமஸ்டர் வெளிநாட்டு யுனிவர்சிட்டியில போய்ப் படிச்சிட்டு வர்றாங்க இல்ல, அந்த எக்ஸ்சேஞ்ச் ப்ரோக்ராமுக்கு. அங்க ஃபீஸ் கிடையாது, ஹாஸ்டலும் அவங்களே குடுத்துடுறாங்க. ஆனா போறதுக்கு டிக்கெட்டு, விசா, இன்ஷூரன்ஸு, குளிருக்கு ஒரு கோட்டு, இதுக்கெல்லாம் யாரு குடுக்குறது? செலக்ட் ஆகி, கூப்பிட்டு மெயிலும் வந்து, டிக்கெட்டுக்கு வழியில்லாம வரலன்னு சொல்லிட்டு வீட்ல உக்காந்த பசங்க எத்தினி பேரு! அந்த ஓட்டைய அடைக்கிறதுதான் மாலினிம்மாவோட பௌர்ணமி.

ஆரம்பிச்சது ஒண்ணும் பெரிய திட்டம் போட்டு இல்ல. இனியன்னு ஒரு பையன் செக் நாட்டுக்குப் போக செலக்ட் ஆயிட்டு, டிக்கெட்டுக்கு சம்பாரிக்கணும், ரிசப்ஷன்ல வேல குடுங்கன்னு வந்து நின்னான். மாலினிம்மா அவன மேலயும் கீழயும் பாத்தாங்க.

"நான் குடுக்குற சம்பளத்துக்கு நீ செங்கம் வரைக்கும்கூட பறக்க முடியாதுடா தம்பி. இன்னிக்கு தீபம், ரேட்டு ஏத்தி வுட்டுருக்கேன். உக்காந்து ரூம் போடு. ஏத்துனத நீயே எடுத்துக்க."

அவ்ளோதான். அவன் பறந்துட்டான்! அன்னைலேர்ந்து அதுவே பழக்கமாயிடுச்சி. காலேஜ்ல இங்லீஷ் எடுக்குற சிந்துஜா மேடம் ஆளக் கை காட்டுவாங்க. அந்த ஆளு ஒரு பௌர்ணமி அன்னிக்கு வந்து ரிசப்ஷன்ல உக்காரணும். அதான் கண்டிஷன். "தெரியாத ஊர்ல போயி வாயத் தொறக்கணும் இல்ல? அத இங்க தொறக்கட்டும். கடப்பாக்காரன சமாளிச்சிட்டா வெள்ளக்காரன் இன்னா பண்ணிடப் போறான்?"

போனவங்ககிட்ட அவங்க கேக்குறதும் ஒண்ணே ஒண்ணுதான். சாக்லேட் வேணாம், செண்ட்டு வேணாம். "உன் ஹாஸ்டல் பாத்ரூம போட்டோ எடுத்து அனுப்பு." குழாய் எந்த ஒசரத்துல இருக்குது, துண்ட எங்க மாட்டுறாங்க, தண்ணி எந்தப் பக்கம் ஓடுது, எல்லாம் தெரியணும் அவங்களுக்கு. அவங்க போன்ல பனிமலையும் கோட்டையும் தேடுனா கிடைக்காது. ஹங்கேரி கக்கூஸு, கொரியா ஷவரு, ஜப்பான் வாஷ்பேசினு, இதுங்கதான் வரிசையா வரும். ஜப்பான்லேர்ந்து ஒரு பொண்ணு அனுப்புன படத்தப் பாத்துட்டு, வீட்டுக்காரர் வீரேந்திரன ஏணியில ஏத்தி, எல்லா பாத்ரூம்லயும் கதவுக்குப் பின்னாடி துண்டு மாட்டக் கம்பி அடிக்க வச்சிட்டாங்க. "படிக்கப் போனது அதுங்க, பாஸானது என் பாத்ரூமு"ன்னு வர்றவங்களுக்கெல்லாம் கதவத் தொறந்து காட்டுவாங்க. அந்தப் பெருமைய நேர்ல பாக்கணும்!

ஜைனக் குடும்பம். இருட்டுறதுக்கு முன்னாடி ராச்சாப்பாட்ட முடிச்சிடுவாங்க. பௌர்ணமிக் கூட்டம் கவுண்டர்ல முட்டிக்கிட்டு நின்னாலும், வெயில் எறங்குனா எழுந்து உள்ள போயிடுவாங்க. "பசிக்குது சாமி, உங்களுக்கும் பசிச்சா நீங்களும் போயி சாப்ட்டு வாங்க."

இப்படி எல்லாத்துக்கும் ஒரு பதில் வச்சிருந்த மாலினிம்மாவ ஒரு பொண்ணு வாயடைக்க வச்சது இந்த வருஷம் சித்ரா பௌர்ணமியில.

அது பேரு கவிநிலா. கீழ்பென்னாத்தூர் பக்கம் நெல்லும் வேர்க்கடலையும் போடுற குடும்பம். போலந்துல ஒரு யுனிவர்சிட்டி கூப்ட்டிருக்குது. முன்ன சேந்த காசெல்லாம் அதுக்கு முன்னாடி போன பசங்க டிக்கெட்டுக்கே சரியாப் போச்சு. அதனால கவிநிலாவோட டிக்கெட்டு முழுக்க அந்த ஒரு நாள் கூட்டத்த நம்பித்தான் இருந்துச்சி. வழக்கப்படி மாலினிம்மா பொண்ண ரிசப்ஷன்ல தனியா உக்கார வச்சிட்டு, மொட்டமாடிக்குப் போயி காஞ்ச பெட்ஷீட்டெல்லாம் மடிச்சிக்கிட்டு இருந்தாங்க. பக்கத்துல இருந்தா என் மூஞ்சியப் பாத்துப் பாத்துப் பேசும், வேணாம்னு.

சாயங்காலம் அவங்க கீழ எறங்கும்போது ரூமெல்லாம் ஃபுல்லு. ரூம் கூட்டுற மணியம்மாள் படிக்கட்டுலயே வழி மறிச்சி காதக் கடிச்சாங்க.

"யம்மா, பாப்பா எல்லாருக்கும் சாதா ரேட்டே போட்டு அனுப்பிடுச்சி."

"இன்னாடி சொல்ற?"

"அட, செவ்வாக்கெழம ரேட்டும்மா. வந்தவங்களுக்கே நம்பிக்க வரல. ஒருத்தரு என்னாண்ட வந்து, ஃபேன் ஓடுமான்னு கேக்குறாரு!"

மாலினிம்மா நேரா கவுண்டருக்கு வந்தாங்க. கண்ணாடிய நெத்தியிலேர்ந்து எறக்கி மூக்குல போட்டாங்க. கவிநிலா எழுந்து நின்னுடுச்சி.

"இன்னா பண்ணி வச்சிருக்க?"

"சாரிங்கம்மா. மொத வந்தவரு கர்னூலுங்க. நீங்க சொல்ற மாதிரியேதான் சொன்னேன், ஜாஸ்தி எங்களுக்கில்ல, ஏரோப்ளேனுக்குன்னு. அவரு கோவப்படலீங்க. சிரிச்சிக்கினே, யாரும்மா போறதுன்னு கேட்டாரு."

"சொல்ல வேண்டியதுதான?"

"எப்டிங்க சொல்றது, நாந்தான்னு? அவரு வெறுங்காலோட நடந்து சுத்த வந்திருக்காரு. அவராண்ட கேக்காமலே எடுத்துக்கினு, பறக்கப் போறது நாந்தான்னு என் வாயால சொல்ல வரலீங்கம்மா. நீங்க சொல்லும்போது நல்லாத்தான் இருந்துச்சி. எனக்கு வரல. ஒருத்தராண்ட சொல்ல வரல, அப்புறம் யாராண்டயுமே வரல."

"பெரிய நியாயஸ்தி வந்துட்டா! உன் ப்ளேன நீயே தரையில எறக்கி வுட்டியேடி! ஊர்ல எல்லா லாட்ஜ்லயும் ஏத்துறான், ஏத்தி அவன் பாக்கெட்ல போட்டுக்குறான். அவன யாரு கேக்குறாங்க?"

"நான் போவலன்னாலும் பரவால்லீங்கம்மா."

அந்த வார்த்ததான் மாலினிம்மாவ நிறுத்திடுச்சி. கவிநிலா அழுதிருந்தா இன்னும் நாலு திட்டு திட்டியிருப்பாங்க. அது அழல. போவ ஆசையில்லாத பொண்ணும் இல்ல. போலிஷ் பாஷையில நன்றி சொல்றது எப்படின்னு ரெண்டு மாசமா ஊர்ல பாக்குறவங்ககிட்டல்லாம் சொல்லிக் காட்டிக்கிட்டு இருந்த பொண்ணு. அது பரவால்லன்னு சொல்லுதுன்னா, ஆசைய விட்டுட்டுத்தான் சொல்லுது.

"கூட்டமாயிடும், பஸ்ஸப் புடிச்சி வீட்டுக்குப் போ"ன்னாங்க மாலினிம்மா.

மறுநாள் சிந்துஜா மேடம் போன் பண்ணாங்க. "ஜூலைக்குள்ள டிக்கெட் காட்டலன்னா அந்த சீட்ட வேற காலேஜுக்குக் குடுத்துடுவாங்கம்மா. சின்னப் பொண்ணு, தெரியாமப் பண்ணிடுச்சி."

"தெரியாமப் பண்ணியிருந்தா நான் தூங்கியிருப்பேன் மேடம். அது தெரிஞ்சுதான் பண்ணியிருக்குது. அதான் எனக்குக் கொடையுது."

என்ன கொடையுதுன்னு அவங்களுக்கே புரியக் கொஞ்ச நாள் ஆச்சு. இத்தினி வருஷத்துல அவங்க யார்கிட்டயும் கேட்டதே இல்ல. சொன்னாங்க, எடுத்துக்கிட்டாங்க. பசங்க கையெடுத்துக் கும்பிட்டது அவங்கள. பாத்ரூம் போட்டோ வந்தது அவங்களுக்கு. ஆனா காசு குடுத்தவங்க, முணுமுணுத்துக்கிட்டே மாடியேறிப் போனவங்க, யாரையோ பறக்க வச்சிருக்கோம்னு அவங்க யாருக்கும் தெரியவே தெரியாது. கொள்ள ரேட்டு போடுற லாட்ஜுன்னு நெனச்சிக்கிட்டே ஊருக்குத் திரும்பியிருப்பாங்க.

வீரேந்திரன் ஒரு ரூம்ல குழாய்க்கு வாஷர் மாத்திக்கிட்டு இருந்தாரு. வாசல்ல நின்னு கேட்டாங்க.

"ஏங்க, நான் பண்றது தப்பா?"

"தப்புன்னு யாரு சொன்னா? நீ கேக்காமலே சாவிய வச்சிடுற. குடுக்குறீங்களான்னு கேட்டுட்டு சாவிய வச்சிப் பாரேன்."

"குடுக்கலன்னா?"

"குடுக்கலன்னா குடுக்கல."

"உங்களுக்கு இன்னா, குழாய்க்கடியில தலைய வுட்டுக்கினு ஈஸியாப் பேசிடுவீங்க. ரேட்டு சொல்றது வேற, கேக்குறது வேற. எங்கப்பா எங்களுக்கு யாராண்டயும் கை நீட்டக் கத்துக்குடுக்கல."

"அந்தப் பொண்ணோட அப்பாவும் கத்துக்குடுக்கல போலருக்குது"ன்னாரு வீரேந்திரன், தலைய வெளிய எடுக்காமலே.

வைகாசி பௌர்ணமி அன்னிக்குக் காலையிலயே கவிநிலாவுக்கு போன் போச்சு. "வந்து பக்கத்துல உக்காரு. நீ ஒண்ணும் பேச வேணாம். மூஞ்சிய மட்டும் காட்டு."

மத்தியானம் மொதல்ல வந்தது குப்பம்ங்கிற ஊர்லேர்ந்து ஒரு குடும்பம். மாலினிம்மா சாதா ரேட்டச் சொன்னாங்க. அவங்க வீட்டுப் பெரியவருக்கே சந்தேகம். "இன்னிக்கு பௌர்ணமி இல்லையா?"

"பௌர்ணமிதான் சாமி. ரேட்டு அவ்ளோதான். ஆனா..."

அதுக்கு மேல வரல. எத்தினி ஊருக்காரங்கள வாயாலயே அடக்குனவங்க! தொண்டையச் செருமுனாங்க. பாட்டில எடுத்துத் தண்ணி குடிச்சாங்க. அப்புறம் ஒரே மூச்சுல, "இந்தப் பொண்ணு வெளிநாட்டுக்குப் படிக்கப் போவுது, ப்ளேன் டிக்கெட்டுக்குக் கம்மியா இருக்குது, உங்களுக்கு மனசிருந்தா எதனா குடுங்க, இல்லன்னாலும் ரூமு இதே ரேட்டுதான்"னு கொட்டிட்டுத் தலையக் குனிஞ்சிக்கிட்டாங்க.

அவரு கவிநிலாவப் பாத்தாரு. "நீதானாம்மா?"

"நாந்தாங்க."

எந்த நாடு, அங்க அரிசி கிடைக்குமா, குளிரு தாங்குவியா, தொணைக்கு யாரு வர்றாங்கன்னு கேட்டாரு. பேச வேணாம்னு சொல்லியிருந்தும் கவிநிலா எல்லாத்துக்கும் பதில் சொல்லிச்சி. நல்லா படிம்மான்னாரு. சாவிய எடுத்துக்கிட்டு மாடிக்குப் போயிட்டாரு. ஒண்ணும் குடுக்கல.

"பாத்தியா?"ன்னாங்க மாலினிம்மா பல்லக் கடிச்சிக்கிட்டு.

"பாத்தேங்க. ஆனா சொல்ல வந்துச்சிங்கம்மா."

அடுத்து வந்தவங்க ரேட்டு கம்மின்ன சந்தோஷத்துல மிச்சத்தக் காதுலயே வாங்கிக்கல. அதுக்கடுத்து ஒருத்தரு, "அதுக்குத்தான் கவர்மெண்டு இருக்குதே"ன்னுட்டுப் போனாரு. மாலினிம்மா மூஞ்சி செவந்து போச்சு. ஆனா அடுத்த ஆளு வந்தப்போ திரும்பவும் தண்ணி குடிச்சாங்க, திரும்பவும் கேட்டாங்க.

டிக்கெட்டு போட்டாச்சு, அத இப்பவே சொல்லிடலாம். வைகாசியில கொஞ்சம், ஆனியில கொஞ்சம்னு சேந்து, ஜூலை முடியறதுக்குள்ள போட்டாச்சு. கவிநிலா போவுது! ஆனா மனசுல நிக்கிறது டிக்கெட்டு இல்ல. அந்த வைகாசி மத்தியானத்துல மொதமொதக் காசு வந்த நேரம்.

குடுத்தது திண்டிவனத்துலேர்ந்து தனியா வந்திருந்த ஒரு அம்மா. அங்க பஸ் ஸ்டாண்டுல இட்லிக் கடை வச்சிருக்காங்களாம். மாலினிம்மா தட்டுத் தடுமாறிச் சொல்லி முடிக்கிற வரைக்கும் பொறுமையாக் கேட்டாங்க. எந்த நாடுன்னுகூடக் கேக்கல. ரூம் காச எண்ணி கவுண்டர் மேல வச்சாங்க. அப்புறம் சுருக்குப் பையிலேர்ந்து மடிச்ச நோட்டு ஒண்ண எடுத்தாங்க. அதக் கவுண்டர் மேல வைக்கல. கையில நீட்டுனாங்க.

மாலினிம்மாவோட கை பாதி தூரம் வந்து நின்னுடுச்சி. ரூம் காசுன்னா வாங்கத் தெரியும். இத எப்படி வாங்குறதுன்னு தெரியல. அந்த அம்மா நீட்டுன கைய எடுக்காம நின்னாங்க. மாலினிம்மா நாற்காலிய விட்டு எழுந்தாங்க. கவுண்டரச் சுத்திக்கிட்டு வெளிய வந்தாங்க. இடுப்புல செருகியிருந்த முந்தானைய உருவி, ரெண்டு கையாலயும் விரிச்சிப் புடிச்சாங்க. என்ன நெனச்சாங்களோ, திரும்பிக் கவிநிலாவக் கூப்ட்டாங்க. அது ஓடி வந்து பக்கத்துல நின்னதும், முந்தானையோட ஒரு முனைய அது கையில திணிச்சாங்க.

"நீயும் புடி."